எக்ஸ்பி மறுபடி போட்ட பிறகு மோடம் டயல் செய்யவில்லை என்றால்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இது. வீட்டு பென்டியம் 4 சிஸ்டத்தில் வைரஸ் புகுந்துவிட்டது, சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் எக்ஸ்பி மறுபடி போட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய நாள் வரை டயல்-அப் நெட், அதாவது மோடம் டெலிபோன் லைன் வழியாக டயல் செய்து இணைக்கும் நெட், ஒழுங்காக வந்தது. இப்போது கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கிறது. மோடத்தோடு வந்த சிடி தொலைந்துவிட்டது. ‘ஸ்டாண்டர்டு 56000 பிபிஎஸ் மோடம்’ என்று பட்டியலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தீர்கள், அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் மோடம் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். உங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு பிராட்பேண்ட் இன்னும் வரவில்லை. தங்கையின் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குள் நெட் வேண்டும்.

புது மோடம் வாங்காதீர்கள். முந்தைய நாள் வேலை செய்த கார்டு ஃபார்மட் செய்ததால் கெட்டுப்போகாது. ஆனால் உங்கள் மோடத்தில் பாதி நிஜமாகவே அழிந்துவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மேசை மேல் வைக்கிற பெட்டி மோடத்துக்குள் அதற்கென்று ஒரு பிராசஸர் உண்டு. எண்களை ஒலியாக மாற்றுவது, ஒலியை மறுபடி எண்களாக்குவது, பிழை திருத்துவது எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்ளும். சீரியல் போர்ட்டில் செருகி ‘ஏடி’ என்று இரண்டு எழுத்து அனுப்பினால் ‘ஓகே’ என்று பதில் சொல்லும், எந்த ஓஎஸ் என்று அதற்குக் கவலை இல்லை. உங்கள் சிபியுவுக்குள் மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகியிருக்கும் மோடம் கார்டு அப்படியில்லை. விலை குறைய வேண்டும் என்பதற்காக அதிலிருந்து அந்தப் பிராசஸரை எடுத்துவிட்டார்கள். கார்டில் மிஞ்சியிருப்பது டெலிபோன் லைனைப் பிடிக்கிற சர்க்யூட்டும் ஒலியை மாற்றித் தருகிற சிப்பும்தான். மீதி வேலையை உங்கள் பென்டியம் செய்கிறது, அதைச் செய்யவைப்பது டிரைவர் என்ற மென்பொருள். பிரிண்டர் டிரைவர், மவுஸ் டிரைவர் மாதிரி இதை நினைக்கக் கூடாது. இங்கே டிரைவர்தான் பாதி மோடம். சி டிரைவை அழித்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

‘ஸ்டாண்டர்டு மோடம்’ ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அது வெறும் ‘ஏடி’ கட்டளைகளை ஒரு காம் போர்ட்டுக்கு, அதாவது சீரியல் போர்ட்டுக்கு, அனுப்பும். அந்தக் கட்டளையைக் கேட்டுப் பதில் சொல்ல இப்போது அங்கே ஆள் இல்லை. பெட்டி மோடமாக இருந்திருந்தால் அதே தேர்வு உடனே வேலை செய்திருக்கும். முதல் வேலையாக, நீங்கள் சேர்த்த அந்த ஸ்டாண்டர்டு மோடத்தை கன்ட்ரோல் பேனலில் ‘ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்’ திறந்து நீக்கிவிடுங்கள். அது இருந்தால் பின்னால் குழப்பம்.

அடுத்து, உங்கள் கார்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அட்டைப்பெட்டியில் ‘56கே வி.92 பிசிஐ மோடம்’ என்று போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு டிரைவர் தேடினால் ஆயிரம் வரும், ஒன்றும் பொருந்தாது. அட்டைப்பெட்டியில் பெயர் போட்டு விற்றவர் யார் என்பது தேவையே இல்லை, சிப் செய்தவர் யார் என்பதுதான் தேவை. அதை கார்டே சொல்லும். ஸ்டார்ட், புரோகிராம்ஸ், அக்சஸரீஸ், சிஸ்டம் டூல்ஸ் வழியாக ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறங்கள். இடப்பக்கம் ‘காம்பொனன்ட்ஸ்’ விரித்தால் கடைசிப் பக்கம் ‘பிராப்ளம் டிவைசஸ்’ என்று இருக்கும். அங்கே ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்று ஒரு வரி, பக்கத்திலேயே நீளமாக ஒரு அடையாள எண். அதற்கு எதிரே பிழை எண் 28 என்று இருந்தால் டிரைவர் போடவில்லை என்று பொருள். உண்மையில் அது நல்ல செய்தி. கார்டு உயிரோடு இருக்கிறது, போர்டு அதைப் பார்க்கிறது.

அந்த நீள எண்ணில் ‘வென்’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து சிப் நிறுவனம், ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து சிப்பின் மாடல். 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட். ராக்வெல் நிறுவனத்தின் செமிகண்டக்டர் பிரிவு தனியாகப் பிரிந்து அந்தப் பெயரில் வந்தது. 11சி1 என்றால் லூசன்ட், அதன் சிப் பிரிவு பிறகு அகீர் என்ற பெயரில் தனியாகப் பிரிந்தது. பழைய கார்டுக்கு இரண்டு பெயரிலும் டிரைவர் இருக்கும், பயப்படாமல் எடுக்கலாம். 163சி என்றால் ஸ்மார்ட்லிங்க். 1057 என்றால் மோட்டோரோலா. 8086 என்றால் இன்டெல். தங்களுக்குப் பேர் வாங்கித் தந்த பிராசஸரின் எண்ணையே நிறுவன எண்ணாக வைத்துக்கொண்டார்கள். 8086-க்குப் பக்கத்தில் 1080 என்று இருந்தால் அது இன்டெல் 537ஈபி, நான் நிறையப் பார்த்த கார்டு.

ஒரு சிக்கல் உண்டு. 8086-க்குப் பக்கத்தில் 24சி6, 24டி6 மாதிரி எண் வந்தால் அது தனி கார்டு இல்லை. மதர்போர்டிலேயே இருக்கும் ஏசி97 மோடம் வழி. லேப்டாப்பில் பெரும்பாலும் இப்படித்தான். அந்த எண் மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்செட்டுடையது, மோடம் சிப் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். அப்போது லேப்டாப் மாடல் பெயரை வைத்து, அதைச் செய்த நிறுவனம் தருகிற மோடம் டிரைவரைத்தான் எடுக்க வேண்டும். பின்னால் வந்த லேப்டாப்பில் ஆடியோ ‘எச்டி’ வகையாக இருந்தால், மைக்ரோசாஃப்டின் யுஏஏ பஸ் டிரைவர் என்ற துணை டிரைவரை முதலில் போட்டால்தான் மோடமே கண்ணுக்குத் தெரியும். உங்களுடையது மேசைக் கணினி, தனி கார்டு என்று எழுதியிருப்பதால் இதில் மேலும் போகவில்லை.

எண் பார்க்க முடியாவிட்டால் சிபியு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கார்டில் பெரிய சதுர சிப்பின் முதுகில் பெயரும் எண்ணும் அச்சிட்டிருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால்தான் தெரியும், நேராக அடித்தால் கறுப்பாக மின்னும். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். டெலிபோன் வயரையும் பிடுங்குங்கள். மணி அடிக்கும்போது அந்த வயரில் கையில் சுரீர் என்று இழுக்கிற அளவுக்கு மின்சாரம் வரும்.

நெட் இருந்தால்தான் டிரைவர், டிரைவர் இருந்தால்தான் நெட். இந்தச் சுழலை உடைக்க பிரவுசிங் சென்டர்தான் வழி. நான்கு எழுத்து வென், நான்கு எழுத்து டெவ் இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த எண்ணோடு ‘எக்ஸ்பி டிரைவர்’ என்று சேர்த்துத் தேடுங்கள். இறக்கியதும் அங்கேயே அவிழ்த்து, எந்தக் கார்டுகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியல் இருக்கும், ‘ஐஎன்எஃப்’ என்று பெயர் முடியும் கோப்பை நோட்பேடில் திறந்து உங்கள் வென், டெவ் எண் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பொருந்தும். இல்லையென்றால் எத்தனை தடவை போட்டாலும் பொருந்தாது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் வீட்டுக்கும் சென்டருக்கும் நாலு நடை நடந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். மோடம் டிரைவர் பெரிதாக இருக்காது, பென் டிரைவில் எடுத்துவரலாம். எக்ஸ்பி பென் டிரைவைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 98 வைத்திருப்பவர்கள் சிடியில் எழுதிக் கேட்டு வாங்குங்கள், அதில் பென் டிரைவுக்கே தனி டிரைவர் வேண்டும்.

பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். ஃபார்மட் செய்ததே வைரஸுக்காகத்தானே.

வீட்டுக்கு வந்ததும் உடனே மோடம் டிரைவரைப் போட வேண்டாம். மதர்போர்டு சிடி இருக்கிறதா? அதிலிருந்து சிப்செட் டிரைவரை முதலில் போடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் மோடம். போர்டின் பிசிஐ வழிகளை எக்ஸ்பி சரியாகத் தெரிந்துகொள்ளாமல் மோடம் டிரைவர் போட்டால், பாதியில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மோடம் டிரைவரில் ‘செட்டப்’ கோப்பு இருந்தால் அதை ஓட்டுங்கள். இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் கேள்விக்குறி மீது ரைட் கிளிக் செய்து ‘அப்டேட் டிரைவர்’, பட்டியலிலிருந்து தேர்வு, ‘ஹேவ் டிஸ்க்’ என்று போய் அந்த ஐஎன்எஃப் கோப்பைக் காட்டுங்கள். ‘விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை’ என்று எச்சரித்தால், ஐஎன்எஃப்பில் எண்ணைச் சரிபார்த்திருக்கிறீர்கள் என்பதால் ‘கன்டினியூ’ கொடுக்கலாம்.

இப்போது கேள்விக்குறி போய் ‘மோடம்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் மோடத்தின் பெயர் வந்திருக்கும். அதன் புராபர்ட்டீஸில் ‘டயக்னாஸ்டிக்ஸ்’, அதில் ‘குவெரி மோடம்’ அழுத்துங்கள். சில நொடியில் ஏடிஐ1, ஏடிஐ2 என்று வரிசையாகக் கட்டளைகளும் எதிரே பதில்களும் வந்தால், அழிந்த பாதி திரும்பிவிட்டது.

டயல் செய்வதற்கு முன் இரண்டு விஷயம். இரண்டும் முக்கியம்.

ஒன்று, ஃபயர்வால், அதாவது நெட்டிலிருந்து கேட்காமல் உள்ளே வருவதைத் தடுக்கும் அரண். நீங்கள் போட்ட எக்ஸ்பி சிடி, சர்வீஸ் பேக் 2 என்ற மைக்ரோசாஃப்ட் திருத்தத் தொகுப்புக்கு முந்தையதாக இருந்தால், ஃபயர்வால் இருந்தும் அணைந்தே கிடக்கும். 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர், 2004 ஏப்ரல் கடைசியில் வந்த சாஸர், தானாகப் பரவுகிற இந்த இரண்டு வோர்ம் வகை வைரஸும் நீங்கள் எதையும் திறக்காமலே, நெட்டில் இணைந்திருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். டயல்-அப் வேகம் குறைவு என்பதால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், கனெக்ட் ஆன சில நிமிடங்களில் ‘சிஸ்டம் 60 நொடியில் ஷட் டவுன் ஆகும்’ என்ற பெட்டி வந்த வீடுகளை எனக்குத் தெரியும். அவர்கள் அதையும் மோடம் கோளாறு என்றே நினைத்தார்கள். டயல்-அப் கனெக்ஷனை உருவாக்கியதும் அதன் புராபர்ட்டீஸ், ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ஃபயர்வாலை டிக் செய்துவிட்டுத்தான் முதல் டயல். சர்வீஸ் பேக் 2-ஐ டயல்-அப்பில் இறக்க முயல வேண்டாம். முழுத் தொகுப்பு ஏறக்குறைய 266 எம்பி. நொடிக்கு 5 கேபி வந்தாலும் 15 மணி நேரம். சிடியில் வாங்கிப் போடுங்கள்.

இரண்டாவது, நாடு. ஒரு அரிசி மில் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஓஎஸ் மறுபடி போட்டு, டிரைவரும் சரியாகப் போட்டிருந்தார்கள். டயல் அழுத்தினால் பிழை 680, டயல் டோன் இல்லை. லைன்மேனைக் கூப்பிட்டார்கள், அவர் ரிசீவரை எடுத்துக் காட்டினார், டோன் கணீரென்று வந்தது. மோடம் மாற்றினார்கள், மறுபடியும் 680. மூன்றாம் நாள் நான் போனேன். மோடம் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிவிட்டு டயல் அழுத்தினேன். டக் என்று ரிலே விழுந்தது, உடனே டயல் டோன் கேட்டது. என் காதில் விழுகிறது, மில் கணக்குப்பிள்ளை காதில் விழுகிறது, ஆனால் திரையில் ‘டோன் இல்லை’.

காரணம் இதுதான். அமெரிக்காவின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்த ஒலி. நம்முடையது 400 ஹெர்ட்ஸ் ஒலி, அதன் மேல் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறியது. நம் டோன் லேசாக உறுமுவது போல இருப்பது அதனால்தான். எக்ஸ்பி போடும்போது நாடு கேட்கிற இடத்தில் யாரும் கவனிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்துவார்கள், அமெரிக்கா என்று நின்றுவிடும். மோடம் அமெரிக்க டோனைத் தேடும். நம் டோனை டோன் என்றே எடுத்துக்கொள்ளாது. ‘ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்’, ‘டயலிங் ரூல்ஸ்’, ‘எடிட்’ போய் நாட்டை இந்தியா என்று மாற்றினேன். நீங்களும் அப்படியே மாற்றி, உங்கள் ஊர் எஸ்டிடி கோடையும் அங்கேயே போடுங்கள். மில்லில் அதன் பிறகு முதல் டயலிலேயே இணைந்தது. மாற்றி வாங்கிய மோடத்துக்குக் கொடுத்த பணம்தான் வீண்.

நாட்டை மாற்றியும் 680 வந்தால், மோடத்தின் புராபர்ட்டீஸில் ‘டயல் செய்யும் முன் டோனுக்குக் காத்திரு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டோன் இருக்கிறதா என்று பார்க்காமல் மோடம் நேராக டயல் செய்யும். உங்கள் வீட்டில் இன்டர்காம் வழியாக 0 அழுத்தி வெளி லைன் எடுக்கிற ஏற்பாடு இருந்தால், எண்ணுக்கு முன்னால் 0 போட்டு ஒரு கமாவும் போடுங்கள். கமா வந்தால் மோடம் சுமார் 2 நொடி நின்று டயல் செய்யும்.

இதற்குப் பிறகும் 680 என்றால் வயரைப் பாருங்கள். சிபியுவைத் திறந்து மூடியபோது வயரை மாற்றிச் செருகியிருக்கலாம். சுவரிலிருந்து வரும் வயர் ‘லைன்’ என்று எழுதிய ஓட்டையில்தான் போக வேண்டும், ‘ஃபோன்’ என்பது உங்கள் டெலிபோனுக்கு. அடுத்து ஹைப்பர் டெர்மினலைத் திறந்து, மோடம் இருக்கும் காம் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து ‘ஏடி’ என்று தட்டி என்டர் கொடுங்கள். ‘ஓகே’ வர வேண்டும். பிறகு ‘ஏடிஎச்1’ தட்டுங்கள். ரிசீவரை எடுப்பதற்குச் சமம் அது. டக் சத்தமும் டோனும் வர வேண்டும். ‘ஏடிஎச்0’ தட்டினால் வைத்துவிடும். ‘ஓகே’ வருகிறது, டக் சத்தமும் இல்லை டோனும் இல்லை, ஸ்பீக்கரும் அணைக்கப்படவில்லை என்றால் கார்டின் லைன் பக்கம் செத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது டெலிபோன் வயர் வழியாக வருகிற அடி முதலில் அந்தப் பகுதியைத்தான் எரிக்கும். கணினிப் பக்கம் பிழைத்துக் கிடப்பதால் ‘ஓகே’ மட்டும் சொல்லும். அப்போது மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

டோன் வந்து டயலும் ஆகிறது, ஆனால் இணையவில்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் பிரச்சினை. எண்கள் பிப் பிப் என்று போகும். பிறகு மணி. மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றால் அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை, பிழை 678. எண் தவறாக இருக்கலாம், இல்லை சர்வர் நிரம்பியிருக்கலாம். எடுத்தால் 2100 ஹெர்ட்ஸ் விசில் ஒன்று வரும், அதுதான் அந்தப் பக்க மோடத்தின் குரல். அதன் பிறகு இரண்டு மோடமும் மாறி மாறிக் கிறீச்சிட்டு, கடைசியில் மழை இரைச்சல் போல ஒன்றாகி அடங்கும். அந்த இரைச்சல் வரை வந்து திரும்பத் திரும்ப விழுந்தால் லைனில் கொரகொரப்பு இருக்கும். இன்னொரு அறையில் இணைத்திருக்கும் பேரலல் போனைக் கழற்றிவிட்டு முயலுங்கள். இரைச்சலும் அடங்கி, ‘பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுகிறது’ என்று வந்து விழுந்தால் அது 691. மோடம் தன் வேலையை முடித்துவிட்டது. பழைய சிஸ்டம் நினைவில் வைத்திருந்த பாஸ்வேர்டு ஃபார்மட்டில் போய்விட்டதல்லவா, கணக்கு வாங்கியபோது கொடுத்த தாளைத் தேடி எடுங்கள். கேப்ஸ் லாக் விளக்கையும் பாருங்கள்.

720 வந்தால் கனெக்ஷன் புராபர்ட்டீஸின் ‘நெட்வொர்க்கிங்’ தாவலில், நெட்டில் கணினிகள் பேசிக்கொள்ளும் முறையான டிசிபி ஐபி டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ‘மோடம் கிடைக்கவில்லை’ என்று 797 வந்தால் பழைய கனெக்ஷன் அந்த நீக்கிய ஸ்டாண்டர்டு மோடத்தையே இன்னும் தேடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனெக்ஷனை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குவதுதான் சுலபம்.

இணைந்த பிறகு 45 அல்லது 48 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) என்று காட்டினால் குறை எதுவும் இல்லை. 56 என்பது அந்தப் பக்கமிருந்து உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரை எல்லாம் டிஜிட்டலாக இருந்து, எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் செப்புக் கம்பி மட்டும் அனலாகாக இருக்கும்போது எட்டக்கூடிய உச்சம். முன்பு 45-ல் இணைந்தது இப்போது 31-ல் இணைகிறது என்றால், டிரைவரைச் சந்தேகிக்கலாம், அதே சிப்புக்கு வேறு பதிப்பு டிரைவர் போட்டுப் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸை ரிசல்ட் பார்க்கும் அன்று நிறுத்தி வையுங்கள். பின்னால் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டு மொத்த லைனையும் அது தின்றுவிடும்.

எல்லாம் சரியானதும் அந்த டிரைவர் ஃபோல்டரை டி டிரைவிலும் ஒரு சிடியிலும் வையுங்கள். வென், டெவ் எண்களை ஒரு சீட்டில் எழுதி சிபியு மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். இன்று சாயங்காலமே ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பார்த்து அந்த இரண்டு எண்ணையும், பிழை எண் என்ன என்பதையும் எனக்கு எழுதுங்கள். எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்கிறேன், பிரவுசிங் சென்டரில் ஒரே நடையில் முடிந்துவிடும்.